பந்தியில் கை நீட்டாதவர்களுக்குப் பயிற்சி எதற்கு?

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஏழு நாற்காலிகள். ஒரு மடத்தின் சார்பில் வந்தவர், ஒரு பாதிரியார், ஜமாத் பொறுப்பாளர் ஒருவர், 'ஆன்மிகப் பேச்சாளர்' என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரி, மீதி அமைப்பாளர்கள். பின்னால் ஃப்ளெக்ஸில் 'எச்.ஐ.வி. பரிசோதனையையும் ஆலோசனையையும் ஊக்குவிப்பதில் மதத் தலைவர்களின் பங்கு'. அண்ணாமலை நகரிலிருந்து நான் அங்கே போனது ஆய்வுக்குக் குறிப்பெடுக்க. காலை முழுக்க எழுதிய குறிப்புகளைவிட, மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்ததைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தொற்றுள்ளோர் கூட்டமைப்பிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். பல வருடமாக மாத்திரை சாப்பிடுவதையும், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதையும், பிள்ளைகளுக்குத் தொற்று இல்லை என்பதையும் சொன்னார். கைதட்டினார்கள். பொன்னாடையும் உண்டு. அதை மேடையில் இருந்த எவரும் போர்த்தவில்லை, தன்னார்வலராக வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை விட்டுப் போர்த்தச் சொன்னார்கள். பந்தி போட்டதும் அக்கா இயல்பாக எழுந்துபோய் சாம்பார் வாளியை எடுத்தார். அமைப்பாளர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு ஓடிவந்து, "நீங்க கெஸ்ட்டுக்கா, உக்காருங்க, பசங்க பாத்துக்குவாங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அதைப் பற்றிக் கேட்டேன். அக்கா சிரித்தார். "எதுக்காக வாங்கினாங்கன்னு எனக்கே தெரியல தம்பி. வியாதிக்கா, தெருவுக்கா? ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்கவும் ஒரு டெஸ்ட் இருந்தா நல்லாருக்கும்."

தீட்டு என்ற ஒன்றை இரண்டாயிரம் வருடமாகக் கட்டிக் காத்தவர்களைக் கூப்பிட்டு, தீட்டுப் பார்க்காதீர்கள் என்று அறிவுரை சொல்ல வைப்பதுதான் இந்தப் பயிற்சிகளின் லட்சணம். எச்.ஐ.வி. பற்றிய அச்சம் நம் ஊரில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தொட்டால் ஒட்டும், ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டும், பிணத்தைத் தூக்கினால் ஒட்டும் என்று 1990களில் மக்கள் நம்பியதற்குக் காரணம் அறிவியல் தெரியாமை மட்டும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தனி டம்ளரும் தனிச் சுடுகாடும் ஏற்கெனவே இருந்த ஊர்கள் இவை. புதிதாக வந்த வைரஸுக்குப் பழைய பாத்திரம் தயாராக இருந்தது.

இதைச் சொன்னதும் நம் தோழர்கள் பலர் உற்சாகமாகிவிடுவார்கள். "அதான் சொல்றோம், மதத் தலைவனுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம், பூசாரி கையில் எதற்கு மைக்?" என்பார்கள். இங்கேதான் எனக்கு அவர்களோடும் சண்டை.

என் தாய்மாமன் 2006இல் செத்தார். திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. உடம்பு இளைத்து ஊருக்கு வந்தவர், தனக்கு என்னவோ என்ற சந்தேகத்தை முதலில் சொன்னது டாக்டரிடம் இல்லை, மனைவியிடமும் இல்லை. எங்கள் தெருக்கோடியில் கீற்றுக் கொட்டகையில் சபை நடத்திய பாஸ்டரிடம். பாஸ்டர் எண்ணெய் பூசி, நாற்பது நாள் உபவாச ஜெபம் பண்ணச் சொன்னார். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது தொடங்கியது 2004 ஏப்ரலில். எங்கள் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பஸ். அந்த நாற்பது நாளில் மாமாவால் போயிருக்க முடியும்.

போகவில்லை. செத்தார். பிணத்தைக் குளிப்பாட்ட உறவுக்காரன் ஒருவனும் முன்வராதபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிப்பாட்டியது அதே பாஸ்டர்தான். பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியதும் அவர்தான். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவரைத் தவிர அன்றைக்கு எங்களோடு நின்றவர் வேறு யாருமில்லை. பகுத்தறிவு பேசிய என் சித்தப்பா உள்பட.

(அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். அவருக்கும் தொற்று இருப்பது இரண்டு வருடம் கழித்து ஒரு கிராம சுகாதார செவிலியர் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்ததில் தெரிந்தது. இன்றைக்கும் களை பறிக்கப் போகிறார், நன்றாக இருக்கிறார்.)

அந்த பாஸ்டருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும்: "ஜெபம் பண்ணுவோம், நாளைக்குக் காலையில ஜி.எச். போவோம், நான் கூட வர்றேன்." பயிற்சி என்று ஒன்று வேண்டுமானால் அது இந்த வாக்கியத்துக்குத்தான்.

ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. மருந்து இலவசம், பரிசோதனை இலவசம். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையோடு அறை இருக்கிறது, உள்ளே ஆலோசகர் இருக்கிறார். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்துவிடுகிறார்கள். மாட்டாமல் நழுவுவது ஆண்கள். அதிலும் கூலிக்கு ஊர் ஊராகப் போகிற ஆண்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை, ஆடியில் காப்புக் கட்ட வருகிறார்கள், உடம்பு முடியாதபோது மந்திரிக்க வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குப் பின்னால் சபையின் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார்கள். நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர்கள் காது அங்கே இருக்கிறது.

இது பிற்போக்குக்கு இடம் கொடுப்பது என்று சொல்லும் தோழர் சிதம்பரம் நந்தனார் பள்ளி வாசலில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்க இடமும் கொடுத்த சுவாமி சகஜானந்தர் காவி கட்டியவர்தான், நம் ஆள்தான். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1956இல் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார் அம்பேத்கர். மதத்தின் வழியாகவும் மக்களோடு பேசலாம் என்று இவர்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. நான் கடவுளை நம்புகிறவன் இல்லை. ஆனால் என் மாமா நம்பினார், செத்தது அவர்.

ஆக, யாரைக் கூப்பிடுவது என்பதுதான் என் கேள்வி. அரசும் தொண்டு நிறுவனங்களும் 'மதத் தலைவர்' என்று பட்டியல் போடும்போது அதில் யார் பெயர் வருகிறது? 2008இல் பெங்களூருவில் வாழும் கலை ஆசிரமத்தில் இந்து மதத் தலைவர்கள் கூடி எச்.ஐ.வி.க்காக உறுதிமொழி எடுத்தார்கள். நல்லது. அவர்களில் ஒருவரையாவது எங்கள் தெருவில் யாராவது பார்த்திருப்பார்களா? யோகாவால் எய்ட்ஸ் குணமாகும் என்று பாபா ராம்தேவ் சொன்னதாக 2006 டிசம்பரில் செய்தி வெளியாகி, ஒன்றிய சுகாதார அமைச்சகமே அவரிடம் விளக்கம் கேட்க வேண்டி வந்தது. பெரிய ஆசனத்தில் இருப்பவரிடம் மைக்கைக் கொடுத்தால் அவர் நம் செய்தியைச் சொல்லமாட்டார், தன் சரக்கைத்தான் விற்பார்.

எங்கள் பக்கத்து நிலவரத்தைப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். சாமி பூட்டிக் கிடந்தாலும் கிடக்கட்டும், சேரிக்காரன் உள்ளே வரக்கூடாது என்றது ஊர். சிதம்பரம் நடராசர் கோயில் கனகசபையில் ஏறி நின்று கும்பிடலாம் என்பதற்கு 2022இல் அரசாணை போட வேண்டியிருந்தது. மனிதர்களின் கால்பட்டால் கெட்டுப்போகும் என்று நினைக்கும் இடங்கள் இவை. 'தொட்டால் பரவாது' என்ற வாக்கியத்தை இந்த இடங்களிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னால் யார் நம்புவார்கள்?

சேரிக்குள்ளேயே இருக்கும் காளியம்மன் கோயில் பூசாரி, கோடாங்கி, கீற்றுக் கொட்டகை பாஸ்டர், அவர் மனைவி (பெண்கள் ரகசியம் பேசுவது அவரிடம்தான்), சின்னப் பள்ளிவாசலின் சம்பளம் குறைந்த இமாம். இவர்களுக்கு லெட்டர்பேடு கிடையாது, அதனால் அழைப்பிதழ் போவதில்லை. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கையருக்குத் தாலி கட்டும் பூசாரிகள் இருக்கிறார்கள். திருவிழா என்றாலே விழிப்புணர்வு முகாம் போட்டு, திருநங்கையர் என்றால் எய்ட்ஸ் என்று ஊருக்கே பாடம் நடத்திவிட்டுப் போகிறோம். தாலி கட்டும் பூசாரியை உட்கார வைத்துப் பேசுவதைப் பற்றி யோசிப்பதில்லை.

வெளியுலகில் இது நடந்திருக்கிறது, நடந்த விதமும் வேறு. உகாண்டாவில் கிதியோன் பியாமுகிஷா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1992இல் தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதத் தலைவர் அவர்தான். பிறகு அவர் கட்டிய அமைப்பு தொற்றுள்ள, தொற்றால் பாதிக்கப்பட்ட மதத் தலைவர்களுடையது. மேடையில் நின்று மற்றவர்களைத் திருத்துகிறவர்களின் கூட்டம் இல்லை அது. நைஜீரியாவில் எனுகு மாநிலத்தில் 40 தேவாலயங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. கர்ப்பிணிகளுக்குச் சபையிலேயே வளைகாப்பு போல ஒரு விழா. அங்கேயே மலேரியா, ரத்தசோகை, அரிவாள் அணு ரத்தசோகை, எச்.ஐ.வி. என்று எல்லாச் சோதனையும் ஒன்றாக. எச்.ஐ.வி.யைத் தனியாகப் பிரித்துக் காட்டவில்லை, அதுதான் சூட்சுமம். விழா நடத்திய சபைகளில் 92 சதவீதப் பெண்கள் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டார்கள், வழக்கம்போல் மருத்துவமனைக்குப் போகச் சொன்ன சபைகளில் 55 சதவீதம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்துக் கதை. சியாங் மாயில் 1998 வாக்கில் 'சங்க மெத்தா' என்ற பெயரில் பௌத்தப் பிக்குகளுக்குப் பயிற்சி தொடங்கியது. அந்தப் பிக்குகள் செய்த வேலைகளில் ஒன்று, தொற்றுள்ளவர்கள் சமைத்துக் கொடுத்த பிச்சையை ஏற்று ஊர் பார்க்கச் சாப்பிடுவது. உபதேசம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிக்கு சாப்பிட்ட பிறகு அந்த வீட்டுச் சோற்றை ஊர் எப்படித் தள்ளும்?

இதைப் படித்த அன்றைக்குத்தான் அந்தச் சாம்பார் வாளி எனக்கு முழுசாக விளங்கியது. நம் அறநிலையத்துறைக் கோயில்களில் அண்ணா நினைவு நாளிலும் ஆகஸ்ட் 15லும் பொதுவிருந்து போடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வரைக்கும் வந்துவிட்டோம். யார் பரிமாறுவது, யார் சமைப்பது என்ற இடத்தில் நின்றுவிட்டோம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பக்தியின் பெயரால் நடக்கிறது. கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் முன் எச்.ஐ.வி. சான்றிதழ் கொண்டுவா என்று கேட்கும் சபைகள் இருக்கின்றன. கேட்க முற்போக்காக இருக்கும். பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் இதைப் பெருமையாகச் சொன்னார், மேடை தலையாட்டியது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கச் சொல்வது அதற்காகத்தான். ஆக, சான்றிதழ் பாதுகாப்பு தராது. தருவது வேறொன்று. கல்யாணம் நின்றுபோனால் ஏன் நின்றது என்று ஊருக்கே தெரியும், பெண்ணானால் அவள் கதை அங்கேயே முடிந்தது. நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டது இந்த ஊர். சான்றிதழ் கேட்பவர்கள் செய்வதும் அதைத்தான், நெருப்புக்குப் பதில் ஊசி.

2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் விஷயம் புரிந்து கொடுத்த ஒப்புதல். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும். முடிவு ரகசியம். தமிழ்நாட்டில் இந்தச் சோதனையின் வரலாறே அடைபட்ட பெண்களின் ரத்தத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்த மாதிரிகள் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையவை. அந்த இரு மருத்துவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் பெயரில் ஒரு நினைவுக் கல்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆலோசனை இல்லாத சோதனை என்ன செய்யும் என்று சாத்தூர் நமக்குக் காட்டியது. 2018 டிசம்பர். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தன் நிலையை அறிந்து, தானாகவே மருத்துவமனைக்கு வந்து சொன்னார். அதற்கு முன்பே ஒருமுறை ரத்தம் கொடுத்தபோது அவருக்குத் தொற்று கண்டறியப்பட்டும் அவரிடம் தெரிவிக்கப்படவில்லை என்று செய்திகள் வந்தன. யாரோ ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்ற ஓடிவந்த அந்தப் பையன், அந்த மாதம் முடிவதற்குள் தற்கொலை செய்துகொண்டு செத்தான். முடிவைச் சொன்ன பிறகு அவன் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆலோசகர்களையோ நாம் வருடக்கணக்கில் ஒப்பந்த ஊழியர்களாகவே வைத்திருக்கிறோம். மதத் தலைவர்களுக்குப் பயிற்சி என்பது, ஆலோசகருக்கு நிரந்தர வேலை கொடுக்காமல் தப்பிக்கும் வழியாகிவிடக் கூடாது. பூசாரி அந்த அறையின் வாசல் வரைக்கும்தான் வரலாம். உள்ளே அவருக்கு வேலை இல்லை. யார் போனார், என்ன முடிவு என்று கேட்கும் உரிமையும் இல்லை. கூலி வேலை நேரத்திலேயே திறந்து மூடும் மையத்தைச் சாயங்காலமும் திறந்து வைக்கச் சொல்லி அவர் வேண்டுமானால் மனுக் கொடுக்கலாம், நாமும் கூடப் போகலாம்.

எங்கள் தெரு சபையை இப்போது அந்த பாஸ்டரின் மகன் நடத்துகிறார். கீற்று போய் தகரக் கூரை வந்திருக்கிறது. போன மாதம் அவரிடம் இதையெல்லாம் பேசினேன். அப்பாவைப் பற்றி நான் சொன்னதற்குக் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிண்ணே, ஞாயித்துக்கிழமை சபையில சொல்றேன். எல்லாரும் போய் எடுங்கன்னு சொன்னாப் போதுமா?" என்றார்.

"நீங்க எடுத்தீங்களா?" என்றேன்.

"நானா? எனக்கு எதுக்குண்ணே?"

"உங்க சபையில இருக்கிறவங்களும் அதையேதானே கேப்பாங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. டீ வந்தது. ரிசல்ட் வந்தால் அதைச் சபையில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், எடுத்தேன் என்று மட்டும் சொன்னால் போதும், மற்றவர் ரிசல்ட்டையும் கேட்கக் கூடாது என்றேன். கிறிஸ்துமஸ் அன்பின் விருந்துக்கு யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்தேன். வழக்கமாக ஒரு குழு இருக்கிறது என்றார். இந்த வருடம் என் அத்தையையும் சேர்த்துக்கொள்ள முடியுமா, அவர் ஒப்புக்கொண்டால், என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.